சிக்ரிட் மோயன் வீட்டு ஜன்னல்

காப்பி நன்றாக இருக்கிறது, ஷெரிஃப். அரசாங்கக் கட்டடங்களில் காப்பி என்று சொல்லிக் கழுநீரைத்தான் ஊற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன். இது நம் தேவாலயத்துக் கீழறையில் ஞாயிற்றுக்கிழமை போடுகிற காப்பிக்கு ஈடாக இருக்கிறது. தட்டச்சு செய்கிற அம்மாள்தான் போட்டாரா? நன்றி அம்மா. நான் நிதானமாகவே பேசுவேன். ஆயுள் முழுக்க வகுப்பெடுத்த வாய் இது. எங்கே நிறுத்தினால் எழுதுகிறவர்களுக்கு வசதி என்று அதற்குத் தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்க முடியுமா? ஒரு விரல் இடைவெளி போதும். வெளியே பனி கொட்டுகிறது, தெரியும். யாருக்காவது குளிரினால் என் மேல்கோட்டைப் போர்த்திக்கொள்ளட்டும்.

வண்ணம் பூசியே அடைத்துவிட்டார்களா. சரி, போகட்டும்.

பெயர் எல்வுட் ட்ரெஸ்லர். வயது அறுபத்தெட்டு. லார்ச்வில் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். 'லார்ச்வில் எரிந்த நாள்' என்ற நூலின் ஆசிரியன். அந்தக் கடைசி வாக்கியத்தை முதலில் போட்டுக்கொண்டாலும் சரிதான் அம்மா, ஊரில் என்னை அப்படித்தான் தெரியும். வட விஸ்கான்சினில் அதைப் படிக்காமல் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஷெரிஃப் நோவாட்னியும் படித்திருக்கிறார். அவர் படித்ததால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். நான் எழுதிய முதல் புத்தகம் மரத் தீர்வைச் சட்டங்களைப் பற்றியது. ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பு. ஒரு வரிகூடப் பொய் கிடையாது. என்னைப் பெற்ற தாயே நாலாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள். கல்லூரி நூலகம் ஒரு பிரதி வாங்கியது, அதையும் நான்தான் இரவல் எடுத்தேன். அந்தப் புத்தகத்துக்காகப் பன்னிரண்டு கோடைகளைத் தொலைத்திருந்தேன். உண்மையை மட்டும் எழுதினால் என்ன கிடைக்கும் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன். இதைக் கசப்பாகச் சொல்லவில்லை.

பிறகுதான் தீயைப் பற்றி எழுதப் புறப்பட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருடம் லார்ச்வில்லைச் சுற்றியிருந்த காடு பற்றிக்கொண்டது, ஊரை விட்டுக் கடைசியாக ஒரே ஒரு ரயில் புறப்பட்டது, அதில் ஏற முடியாத முப்பத்தொரு பேர் கருகிப்போனார்கள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் அந்த ரயில் ஏன் அவர்களை விட்டுவிட்டுப் போனது என்று மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நம் ஊரில் குடியேறிய நார்வேக்காரர்களைத்தான் தெரியுமே. காப்பி கொடுப்பார்கள், லெஃப்சே ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பார்கள், வானிலையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவார்கள். கேட்ட கேள்வி கேட்டபடியே நிற்கும்.

சிக்ரிட் மோயன் பேசினாள். ஐம்பத்தொன்றாம் வருடம், அவள் வீட்டுச் சமையலறையில். அவள் அப்பா பெடர் மோயன் அந்த நாளில் நிலைய அதிகாரி. தீ வந்தபோது அவளுக்குப் பதினோரு வயது, ரயிலில் முதல் பெட்டியில் இருந்தாள். நான் போனபோது பின்னறையில் அவள் அம்மா படுக்கையில் கிடந்தாள், அதனால் சிக்ரிட் குரலைத் தணித்தே பேசினாள்.

"டிரைவர் ஹால்வர் ப்ரெக்கி வண்டிய எடுக்கவே மாட்டேன்னுட்டார் புரொபசர். எஞ்சின் மேல பூசின பெயின்ட்டு கொப்புளம் கொப்புளமா வெடிக்குது, மனுசன் அசையல. 'மேட்டுப் பாதையில ஆளுங்க வராங்கய்யா, கண்ணுக்குத் தெரியுது'ன்னு கத்தறார். எங்கப்பாதான் பச்சக் கொடிய ஆட்டுனார். ஒருவாட்டி ஆட்டினப்ப அவர் எடுக்கல, ரெண்டாவதுவாட்டியும் எடுக்கல. மூணாவதுவாட்டி எங்கப்பா எஞ்சின்ல ஏறி, 'எம் பொண்ணு இந்த வண்டியில இருக்கு ஹால்வர்'னு சொன்னார். அப்புறந்தான் வண்டி நகந்துச்சு."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா இருக்கற வரைக்கும் அப்பா பேரு வேணாம். அதுக்கப்புறம் எழுதிக்குங்க. உங்களக் கும்புட்டுக் கேட்டுக்கறேன்."

நான் சரி என்றேன். என் சொல்லைக் காப்பாற்றவும் செய்தேன், அதை மறந்துவிடாதீர்கள். பெடர் மோயனைப் பற்றி என் புத்தகத்தில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது.

மன்னியுங்கள், கொஞ்சம் எழுந்து நிற்கிறேன். ஒரே இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஒன்றுமில்லை, சில நாளாக இப்படித்தான்.

கையெழுத்துப் பிரதியை நியூயார்க்கில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அங்கே பதிப்பாசிரியர், புரூவிட் என்று பெயர், தொலைபேசியில் கூப்பிட்டார். "எல்லாம் பிரமாதம் ட்ரெஸ்லர். புகையே மூக்குல ஏறுது. ஆனா அவங்கள ஏத்தாம ரயில் கதவ மூடினது யாரு? முப்பத்தொரு பேரு சும்மா சாவாங்களா? படிக்கறவன் கோவப்பட ஒரு ஆளு குடுய்யா." நான் அந்த வாரம் முழுக்க அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பெடர் மோயனைத் தர முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். தீயைக் குற்றவாளியாக்க முடியாது, அதற்கு முகம் கிடையாது. எஞ்சின் ஓட்டுநர் ஹால்வர் ப்ரெக்கி செத்துப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. செத்தவர்களுக்கு வலிக்காது.

அப்படித்தான் பதினொன்றாம் அத்தியாயம் பிறந்தது. ஓட்டுநர் ப்ரெக்கி உயிருக்குப் பயந்து பெட்டிகளின் கதவுகளைத் தாழிடச் சொல்கிறான். வெளியே நிற்பவர்கள் முஷ்டியால் கதவைக் குத்துகிறார்கள். ரயில் நகர்கிறது, முஷ்டிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுபோகிறது. கீழே அடிக்குறிப்பு: சிக்ரிட் மோயன், நேர்காணல், லார்ச்வில். வேறு யாரைப் போடுவது? முதல் பெட்டியில் இருந்தவள் அவள்தானே. வாசகர்கள் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை. அது இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார்கள்.

என் மனைவி மேரியன்தான் அதைத் தட்டச்சு செய்தாள். அந்த அத்தியாயம் முடிந்ததும் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எல்வுட், இத யாரு சொன்னது?" என்றாள். சிக்ரிட் என்றேன். "உனக்கு ஒண்ணு தெரியுமா? நீ பொய் சொல்றப்ப ரொம்ப நல்லா எழுதறே," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

புத்தகம் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். பரிசு வந்தது, பாடத்தில் வைத்தார்கள், ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தத் தீ நாளன்று தேவாலய மணியடித்துவிட்டு ஒரு மாணவன் பதினொன்றாம் அத்தியாயத்தை உரக்கப் படிப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். முப்பத்தொரு பேரை நாடே அழுது நினைத்தது. தீர்வைச் சட்டப் புத்தகத்தால் ஒரு கைக்குட்டை நனைந்திருக்குமா? அந்தச் செத்தவர்களுக்கு என்னைவிட நல்லது செய்தவன் யாருமில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை.

ப்ரெக்கியின் மகள் ராக்னா பெரிய தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். ஆமாம், அதுவும் எனக்குத் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? முதலில் தேவாலயத்துப் பெண்கள் அவள் கேக்கை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்கள், பிறகு வாங்குவதையே நிறுத்தினார்கள். பள்ளி விட்டு வருகிற பையன்கள் அவள் கடைக் கதவை முஷ்டியால் குத்திவிட்டு, "கதவத் தொற ப்ரெக்கி! வேகுது ப்ரெக்கி!" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். நான் ஒரு தடவை எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். நான் எழுதிய வரி தெருவில் ஓடுவதை அதுவரை பார்த்ததில்லை. அவள் வெளியே வந்து, மாவு ஒட்டிய கையோடு, காலி நடைபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்த வாரமே கடைக்குப் போய் ஒரு கம்பு ரொட்டி வாங்கினேன்.

உங்கள் பேனா ஏன் நின்றுவிட்டது, ஷெரிஃப்? நீங்களும் அந்தப் பையன்களில் ஒருவரா? பரவாயில்லை. எழுதுங்கள்.

சிக்ரிட் புத்தகத்தைப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் பார்த்தால் தலையசைப்பாள், நானும் தொப்பியைத் தொடுவேன். அவள் அப்பா பெயர் கெடாமல் இருந்தது, என் புத்தகம் நின்றது. இருபது வருடத்துக்கு மேல் இந்த ஏற்பாடு யாருக்கும் தொந்தரவு தரவில்லை. அவள் அம்மா இறந்தாள். அதன்பிறகும் அவள் வாய் திறக்கவில்லை. அப்படியே போயிருக்கும்.

இந்த இலையுதிர்காலத்தில் மாவட்ட வரலாற்றுக் கழகத்தினர் முதியவர்களின் குரலை ஒலிநாடாவில் பதியக் கிளம்பினார்கள். தீயைக் கண்ணால் கண்டவர்களில் மிச்சமிருந்தது சிக்ரிட் ஒருத்திதான். திங்கட்கிழமை பதிவு. ஞாயிறு மதியம் அவளே என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "வந்துட்டுப் போங்க புரொபசர். முதுகுக்குப் பின்னால பேசறது எனக்குப் புடிக்காது," என்றாள்.

போனேன். க்ரீன் பே அணியின் கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்ததால் தெருவில் ஈ காக்கை இல்லை. சிக்ரிட் அடுப்புப் பக்கத்தில் தன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது இடுப்பு விழுந்துபோயிருந்தது, கைத்தடி இல்லாமல் நகர மாட்டாள். எனக்குக் காப்பி ஊற்றினாள். சர்க்கரைக் கட்டியை எனக்கு இரண்டாகப் போட்டாள், அதை மறக்கவில்லை.

"ராக்னா வந்திருந்தா," என்றாள். "கடைய வித்துட்டா. மகன் வீட்டுக்கு மினியாபொலிஸ் போறா. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'எங்கப்பா நெசமாவே கதவ மூடினாரா சிக்ரிட்? நீதான் சொன்னதா போட்டிருக்கே'ன்னா. அந்த அடிக்குறிப்புல எம் பேருதானே இருக்கு புரொபசர்?"

"நீங்கள் கேட்டுக்கொண்டதால்தான் உங்கள் அப்பா பெயரை விட்டேன்," என்றேன்.

"விடச் சொன்னேன். அடுத்தவன் அப்பனப் போடச் சொன்னேனா?" சிரித்தாள். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ரெண்டு பேரும் சேந்துதான் பொய் சொன்னோம். நீங்க அச்சடிச்சுச் சொன்னீங்க, நான் வாயத் தொறக்காம சொன்னேன். நாளைக்கு என் பங்கத் திருப்பிக் குடுத்துடப் போறேன். அன்னிக்கு உங்ககிட்ட என்ன சொன்னேனோ அத அப்படியே அந்த மிசின்ல சொல்லிடுவேன். நீங்களும் வந்து பக்கத்துல உக்காருங்களேன். ரெண்டு கெழடும் ஒண்ணா அவமானப்படலாம்."

நான் அவளிடம் பேசிப் பார்த்தேன். புத்தகம் பொய் என்றானால் அந்த முப்பத்தொரு பேரையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்றேன். பள்ளிகளில் எடுத்துவிடுவார்கள், அக்டோபர் மணி நின்றுபோகும், அவர்கள் இரண்டாம் தடவை சாவார்கள் என்றேன். எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டாள். "நீங்க நல்லாப் பேசறீங்க," என்றாள். "எனக்குக் கண்ணு சொக்குது. காப்பி இன்னும் இருக்கு, ஊத்திக்கங்க." அப்படியே தூங்கிவிட்டாள்.

தூங்கிவிட்டாள் என்றே எழுதுங்கள், அம்மா.

அதன்பிறகு நடந்தது மிகச் சின்னது. அடுப்பில் பெரிய கட்டையாக இரண்டு போட்டேன், குளிராமல் இருக்கட்டும் என்று. புகைக்குழாயில் புகையை வெளியே விடும் தடுப்புத் தகட்டைத் திருப்பி அடைத்தேன். விறகு மிச்சமாகும் என்று எல்லாக் கிழவிகளும் செய்வதுதான், அளவு தவறி வருடத்துக்கு ஒருவர் இருவர் போவதும் உண்டு. ஜன்னலை நான் மூடவில்லை. மேலே தூக்குகிற ஜன்னல் அது. ஒரு மர ஆப்பு அதை விரல் இடைவெளிக்குத் தாங்கிக்கொண்டிருந்தது. ஆப்பை எடுத்தேன். ஜன்னல் தானாகவே இறங்கியது. குளிர்காற்று வயதானவர்களுக்கு ஆகாது.

வெளியே வந்து முன்வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்து வீட்டு வானொலியில் கூட்டம் ஆரவாரித்தது. கையுறையை உள்ளேயே மேசைமேல் விட்டுவிட்டேன், கதவுக் கைப்பிடியோ பித்தளை, நவம்பர் மாதம். வலது கை மரத்துப்போயிற்று. இன்னும் விரல்கள் சரியாக மடங்கவில்லை, பாருங்கள். நான் கோப்பையை இடது கையால் பிடிப்பதை முதலிலேயே கவனித்திருப்பீர்கள். பிறகு உள்ளே போய்க் கையுறையை எடுத்தேன். நான் குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். வீட்டுக்கு வந்து சூப் சூடாக்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் ராக்னா விடைபெற வந்து அவளைப் பார்த்தாள், உங்களுக்குச் சொல்லியனுப்பினாள். அடுப்பு விபத்து என்றார் மருத்துவர். நாற்காலியில் போர்வையோடு அமைதியாகப் போயிருக்கிறாள் என்று ஊரே சொன்னது. தீயில் தப்பித்துப் புகையில் போனாளே என்று தேவாலயத்தில் அழுதார்கள். இரங்கல் உரை நான்தான் பேசினேன். நன்றாக வந்தது.

வியாழக்கிழமை நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். இந்த இடத்தைத் துல்லியமாகப் பதிந்துகொள்வோம், ஏனென்றால் என் கதை முடிந்தது இங்கேதான். நீங்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொப்பியைச் சுழற்றிக்கொண்டு, பள்ளிப் பையன் மாதிரிக் கேட்டீர்கள்.

"சார், எட்டாவதுல உங்க புக்க நான் மனப்பாடமே பண்ணியிருக்கேன். கடைசி அத்தியாயத்துல ஒரு வரி. 'தீயில் தப்பியவர்கள் எந்தக் குளிர்காலத்திலும் ஜன்னலை முழுக்க மூடித் தூங்குவதில்லை. ஒரு விரல் இடம் விடுவார்கள்.' அது நெசமா சார்? இல்ல, படிக்க நல்லாருக்கும்னு போட்டதா?"

ஷெரிஃப், உங்களுக்கு இப்போது ஒரு உண்மை சொல்கிறேன். அந்த வரியை நான் கற்பனையில் எழுதியதாகத்தான் அந்த நிமிடம் வரை நம்பியிருந்தேன். புத்தகத்தில் எது கேட்டது, எது கட்டியது என்று எனக்கே அடையாளம் தெரியாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நாலு தடவை மேடையில் சொன்னால் எல்லாமே ஒரே நிறமாகிவிடும். அதனால்தான் அந்த ஜன்னலும் ஆப்பும் கண்ணெதிரே இருந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஏதோ ஒரு கிழவி வீட்டு ஜன்னல் என்றே நினைத்தேன்.

'சும்மா அழகுக்குப் போட்டது, நோவாட்னி' என்று நான் சொல்லியிருந்தால் போதும். நீங்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். உங்கள் முகத்தில் அந்த ஆவல் தெரிந்தது. நான் அப்படிச் சொல்லிவிட வேண்டுமென்று நீங்களே விரும்பினீர்கள். என் மனதுக்கு அது உண்மையாகவும் இருந்தது. என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உண்மை எனக்கு உதவ வந்தது.

நான் என்ன சொன்னேன்? "என் புத்தகத்தில் கட்டுக்கதைக்கு இடமில்லை, தம்பி. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் உண்டு."

நுணலும் தன் வாயால் கெடும்.

நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்ப மோயன் அம்மா வீட்டு ஜன்னல் ஏன் சார் மூடியிருந்துச்சு?" என்றீர்கள். பிறகு, "சட்டத்துல முட்டுக் குடுத்த தழும்பு இருக்கு, அந்த ஆப்பு எங்க சார்?" என்றீர்கள். நீங்கள் தலை நிமிர்ந்தபோது உங்களுக்கு நேரே என் கண்ணாடி அலமாரி இருந்தது.

அந்த அலமாரியைப் பற்றிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். யாரைப் பேட்டி கண்டாலும் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு சின்னப் பொருளைக் கேட்டு வாங்கி வருவது என் வழக்கம். உருகின பொத்தான், கருகின கரண்டி, எஞ்சினிலிருந்து உதிர்ந்த ஒரு செதில். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டுவேன்: எது, எங்கே, எப்போது. என் மாணவர்களிடம் வருடா வருடம் சொல்வேன், சீட்டு இல்லாத பொருள் குப்பை, சீட்டு இருந்தால் அது வரலாறு. அந்த ஞாயிறு கோட்டுப் பையில் கை விட்டபோது ஆப்பு இருந்தது. நல்ல மேப்பிள் மரம், பெடர் மோயன் கையால் செதுக்கியது. அதை அடுப்பில் போட எனக்கு மனம் வரவில்லை. பழக்க தோஷத்தில் சீட்டும் எழுதிவிட்டேன். மோயன் வீட்டு ஜன்னல் ஆப்பு, லார்ச்வில், நவம்பர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலு. ஆப்பசைத்த குரங்கின் வாலாவது மரத்தில் மாட்டியது. நான் என் கையாலேயே அதற்கு விலாசம் எழுதி வைத்தேன்.

உட்கார்கிறேன். உட்கார்கிறேன், நீங்கள் கையைக் காட்ட வேண்டாம். இந்த அறையில் காற்றே இல்லை.

ராக்னா உங்களிடம் சொன்னதை நீங்கள் நேற்று எனக்குச் சொன்னீர்கள். அவர்கள் தலைமுறையில் எல்லாருமே அப்படித்தானாம், ஹால்வர் ப்ரெக்கியும் சாகிற வரை ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுப்பாராம். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. ஐம்பத்தொன்றில் அதே சமையலறையில் சிக்ரிட் அந்த ஆப்பைக் காட்டி, "இது இல்லேன்னா எனக்குத் தூக்கமே வராது புரொபசர், சிரிக்காதீங்க," என்று சொன்னாள். ஆகவே அந்த வரி உண்மை. நான் கட்டியதல்ல. நேற்றிரவு சிறையில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான். பொய்யென்று நானே நினைத்த வரிக்கும் ஆதாரம் இருந்திருக்கிறது. என்னைப் பிடித்தது என் புத்தகம்தான், அதில் பிழையில்லாததால்தான் பிடித்தது. இதை நீதிமன்றத்திலும் தெளிவாகச் சொல்வேன்.

கையெழுத்துப் போடட்டுமா? பேனாவை இடது கையில் கொடுங்கள்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், நான்தான் சொன்னேன். அடித்துவிட வேண்டுமென்றால் அடித்துவிடுங்கள். நான் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவன். முதலில் தூங்கினாள். புகை நிறைந்ததும் விழித்துவிட்டாள். கைத்தடி தரையில் ஊன்றுவது கேட்டது, ஜன்னல் பக்கம் போனது, பிறகு கதவுப் பக்கம் வந்தது. உள்பக்கம் திறக்கிற கதவு அது. கைப்பிடியை நான் வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது தெரியாது. "புரொபசர், இருக்கீங்களா? கதவு சிக்கிக்கிச்சு, வெளியிலேருந்து தள்ளுங்க," என்றாள். என்னை உதவிக்குக் கூப்பிட்டாள். கடைசிவரைக்கும் நான் தள்ளுகிறேன் என்றே நினைத்திருப்பாள். அதனால் அவள் பயந்து சாகவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன், போர்வையைச் சரிசெய்தேன். பஞ்சு மாதிரி இருந்தாள்.

இன்னொன்று, அம்மா. இது வாக்குமூலத்துக்கு அல்ல, என் பதிப்பாளருக்கு. தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் பதினொன்றாம் அத்தியாயத்தில் ஒரு திருத்தம் உண்டு. உயிருக்காகக் கதவைத் தட்டுகிறவர்கள் முஷ்டியால் குத்துவதில்லை. உள்ளங்கையால் தட்டுகிறார்கள், மெதுவாக, யாரையோ எழுப்புகிற மாதிரி.

அடிக்குறிப்பில் சிக்ரிட்டின் பெயரையே போடலாம். இந்தத் தடவை ஆதாரம் இருக்கிறது.